தளம் மாறுதல்: திருகோணமலைத் துறைமுகம் உணர்த்தும் வரலாறு

தோற்றுவாய்

புதிய திறன்பேசி ஒன்றினை வாங்க எண்ணும் மாணவர் எவரும் இன்று ஒரு வினாவை எதிர்நோக்குகின்றனர். அன்ட்ரொயிட் இயங்குதளத்திலேயே நிலைத்திருப்பதா, அன்றி ஐபோனுக்கு மாறுவதா என்பதே அது. மறுபுறமாக, ஐபோனை விட்டு நீங்க எண்ணுவோரும் உளர். இவ்வினா பெரும்பாலும் ஒளிப்படத்தின் தெளிவு, மின்கலத்தின் ஆயுள், விலை ஆகிய அளவுகோல்களைக் கொண்டே விவாதிக்கப்படுகின்றது. இரு கருவிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் விடை தானே புலப்பட்டுவிடும் என்னும் நம்பிக்கை இவ்விவாதங்களுக்கு அடிப்படையாக உள்ளது. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருத்தமானது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'தளம்' என்னும் சொல்லை நாம் கடற்படைத் தளத்துக்கும் வழங்குகின்றோம். திறன்பேசியின் இயங்குதளத்துக்கும் வழங்குகின்றோம். இவ்வொற்றுமை சிந்தனைக்குரியது. கப்பலாயினும் தொலைபேசியாயினும் ஒரு கருவி தனித்து இயங்குவதில்லை. அதற்கு எரிபொருள் வேண்டும், ஒதுங்குமிடம் வேண்டும், பழுதுபார்ப்போர் வேண்டும், அதனைக் கையாளப் பழகியோர் வேண்டும். இவையனைத்தும் சேர்ந்த ஏற்பாடே தளம் எனப்படுவது. கருவியை மாற்றுவோர் உண்மையில் இவ்வேற்பாடு முழுவதையும் மாற்றுகின்றனர். திருகோணமலைத் துறைமுகம் இத்தகைய பெரும் மாற்றங்கள் இரண்டினைக் கண்டது. பாயிலிருந்து நீராவிக்கும், நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்குமாக நிகழ்ந்த அம்மாற்றங்கள் அதனை ஒருமுறை தாழ்த்தின, ஒருமுறை உயர்த்தின, ஈற்றில் கைவிட்டன. நம் காலத்து வினாவுக்கு இவ்வரலாற்றில் விடையின் ஒரு பகுதியேனும் உண்டு.

காற்றின் காலம்

பாய்க்கப்பல்களின் காலத்தில் வங்காள விரிகுடாவின் அரசியலைத் தீர்மானித்தது பருவக்காற்றாகும். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான காலத்தில் சோழமண்டலக் கரையோரம் புயலுக்கும் பேரலைக்கும் உட்பட்டது. சென்னை அக்காலத்தில் வெறும் திறந்த கடற்கரையே. கப்பல்களுக்கு அங்கே காப்பு இல்லை. ஆகவே அக்கரையைக் காக்க வந்த போர்க்கப்பல்கள் பருவம் மாறியதும் அதனை விட்டகன்று வேறிடம் ஒதுங்க வேண்டியிருந்தது. இத்தகைய கடலில், ஆழமும் அகலமும் கொண்டதாய், குன்றுகளால் சூழப்பெற்றதாய், எக்காற்றிலும் கப்பல் தங்கத்தக்கதாய் அமைந்த இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஆகும்.

ஐரோப்பிய வல்லரசுகள் இதன்மீது கொண்ட வேட்கையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள முடியும். போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு சனவரியில் பிரித்தானியரும், அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் சுப்ரேன் தலைமையில் பிரான்சியரும் இத்துறையைக் கைக்கொண்டனர். துறையை இழந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸ் அவ்வாண்டுப் பருவகாலத்தில் தம் கப்பல்களுடன் இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது. ஒரு துறைமுகம் கையிலிருப்பதற்கும் இல்லாதிருப்பதற்குமான வேறுபாடு அத்தகையது. 1795இல் பிரித்தானியர் மீண்டும் இதனைக் கைப்பற்றினர். 1802ஆம் ஆண்டு அமியன் உடன்படிக்கை இலங்கையின் கரையோரத்தை அவர்களுக்கு உறுதிசெய்தது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பெற்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றுக்குத் 'திருகோணமலை' என்றே பெயரிடப்பட்டது. அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் பேணப்படுகின்றது.

நீராவியும் கொழும்பும்

நீராவிக் கப்பல் காற்றை எதிர்த்துச் செல்ல வல்லது. இவ்வொரு பண்பு திருகோணமலையின் சிறப்பில் பெரும்பகுதியைப் பறித்துவிட்டது. பருவக்காற்றுக்கு அஞ்சி ஒதுங்கும் தேவை குறையவே, ஒதுங்குமிடத்தின் மதிப்பும் குறைந்தது. நீராவிக் கப்பலுக்கு வேண்டியவை வேறாக இருந்தன: குறித்த இடைத்தூரங்களில் நிலக்கரி, ஏற்றுவதற்குச் சரக்கு, சரக்கைத் துறைக்குக் கொண்டுவரும் பாதை.

1869ஆம் ஆண்டு நவம்பரில் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவுக்கும் தூரகிழக்குக்கும் இடையிலான கப்பற்பாதை இலங்கையின் தென்மேற்குக் கரையை ஒட்டி அமைந்தது. மலைநாட்டுக் கோப்பியும் பின்னர் தேயிலையும் புகையிரதத்தின் மூலம் கொழும்பை வந்தடைந்தன; கண்டிக்கான புகையிரதப்பாதை 1867இலேயே நிறைவெய்தியிருந்தது. கொழும்பு இயற்கையாற் சிறந்த துறைமுகமன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் நேரே மோதும் திறந்த கடல் அது. எனினும் 1875இல் அங்கு அலைதாங்கி ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அது நிறைவுற்றது. அதுவரை கப்பல்கள் தரித்துச் சென்ற காலித் துறைமுகம் சில ஆண்டுகளுள் தன் நிலையை இழந்தது. திருகோணமலையோ வணிகப் போட்டியில் இடம்பெறவே இல்லை. அதன் பின்னிலம் மக்கள்தொகை குறைந்த வரண்ட காடு; அதற்குப் புகையிரதம் வந்தது 1927இல் ஆகும்.

இங்கு ஓர் உண்மை வெளிப்படுகின்றது. இரு துறைமுகங்களையும் தனித்தனியே வைத்து ஒப்பிடும் எந்த மாலுமியும் திருகோணமலையையே தெரிவுசெய்திருப்பான். ஆயினும் வென்றது கொழும்பு. கப்பல்கள் வந்தமையாற் கரியும் சரக்கும் அங்கு குவிந்தன. கரியும் சரக்கும் இருந்தமையாற் கப்பல்கள் மேலும் வந்தன. பயன்படுத்துவோர் பெருகப் பெருகப் பயன் பெருகும் இவ்வியல்பு இன்றைய இயங்குதளங்களுக்கும் பொதுவானது. மென்பொருள் ஆக்குவோர் மக்கள் மிகுந்துள்ள தளத்தை நாடுகின்றனர். மக்கள் மென்பொருள் மிகுந்த தளத்தை நாடுகின்றனர். எனவே சிறந்த கருவியே வெல்லும் என்னும் கருத்து வரலாற்றின் சான்றுக்கு முன் நிலைப்பதில்லை.

பழைய தளம் ஒரே நாளில் அழிந்துவிடுவதுமில்லை. வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. உலகப் பெருங்கடல்களில் நீராவி ஆட்சி செலுத்திய காலத்திலும் ஈழத்துக்கும் தமிழகத்துக்கும் இடையிலான குறுங்கடலில் பாய்க்கப்பல் வணிகம் தொடர்ந்தமையே அத்தகைய கப்பல்கள் கட்டப்பட்டமைக்குக் காரணம். அவ்வணிகத்துக்கு வேண்டிய தச்சரும் மாலுமியரும் சரக்கும் அங்கேயே இருந்தனர், கரி தேவையில்லை. தன் சூழல் நிலைக்கும் வரை பழைய கருவி அறிவுக்குப் பொருந்திய தெரிவாகவே இருக்கும் என்பதை அக்கரையோர மக்களின் வாழ்க்கை காட்டுகின்றது.

கரியா, எண்ணெயா?

பாயிலிருந்து நீராவிக்கான மாற்றம் பல தசாப்தங்களாக மெல்ல நிகழ்ந்தது. நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கான மாற்றமோ பெருமளவுக்குத் திட்டமிட்டு எடுக்கப்பட்ட முடிவாகும். அதனால் அது நம் வினாவுக்கு மிக நெருங்கிய சான்றாகின்றது.

1911ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வின்ஸ்டன் சேர்ச்சில் பிரித்தானியக் கடற்படை அமைச்சரானார். எண்ணெயின் மேன்மை அப்போது பரவலாக அறியப்பட்டே இருந்தது. சம நிறையுள்ள நிலக்கரியைவிட எண்ணெய் கூடிய வெப்பத்தைத் தரும். கப்பலின் வேகம் கூடும். உலையில் கரி வாரியிடும் பணியாளர் கூட்டம் வேண்டியதில்லை. கரி ஏற்றுவதாயின் கப்பலின் பணியாளர் முழுவதும் கூடையும் சாக்குமாய் நெடுநேரம் உழைக்க வேண்டும். எண்ணெயையோ குழாய் வழியே கடலிலும் ஏற்றலாம். சிறு போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும் ஏற்கெனவே எண்ணெயைப் பயன்படுத்தின. கருவிகளின் ஒப்பீட்டளவில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

அவ்வாறாயின் தயக்கம் எதனால் எழுந்தது? உலகின் சிறந்த கப்பற்கரி பிரித்தானியாவின் மண்ணிலேயே, வேல்சில், கிடைத்தது. பெருங்கடல்கள் எங்கும் அதன் கரி நிலையங்கள் பரந்திருந்தன. எண்ணெயோ அந்நாட்டில் இல்லை. மாறுவதென்றால், தன் கையிலுள்ளதைக் கைவிட்டுப் பிறர் கையிலுள்ளதை நம்புவதாகும். பெரும் போர்க்கப்பல்களில் பக்கச் சுவர்களை ஒட்டி நிறைக்கப்பட்ட கரி எதிரியின் குண்டுகளுக்கு ஒரு காப்பாகவும் இருந்தது என்பதையும் கணக்கிட வேண்டியிருந்தது.

சேர்ச்சில் இச்சிக்கலை அணுகிய முறை கருதத்தக்கது. 1912இல் எரிபொருள் பற்றி ஆராய அட்மிரல் பிஷர் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டுத் திட்டத்தின்கீழ், எண்ணெயில் மட்டுமே இயங்கும் குயீன் எலிசபெத் வகைப் பெரும் போர்க்கப்பல்கள் கட்ட முடிவாயிற்று. எண்ணெய்க்கு வழி செய்யாமல் இம்முடிவு முழுமை பெறாது என்பதால், 1914ஆம் ஆண்டு யூனில், பாரசீகத்தில் எண்ணெய் எடுத்த ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளை 2.2 மில்லியன் பவுண் செலவில் அரசு வாங்குவதற்குப் பாராளுமன்றம் ஒப்புதலளித்தது. கருவியை மாற்றியதோடு அமையாது, அதற்கு உணவளிக்கும் ஊற்றையும் கைக்கொள்ள முனைந்தனர்.

இம்மாற்றத்தின் செலவு எண்களில் மட்டும் அடங்குவதன்று. 1917இல் ஜேர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கியழித்தபோது பிரித்தானியக் கடற்படை எண்ணெயைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நிலைக்குத் தள்ளப்பட்டது. பாரசீக மக்களோ தம் நிலத்தின் எண்ணெய் பிறர் போர்க்கப்பல்களை ஓட்டுவதைப் பல தசாப்தங்கள் காண நேர்ந்தது. மாறியவர் ஒருவர், மாற்றத்தின் சுமை பலர்மீது விழுந்தது. பொருளாதாரக் காரணிகளை ஆராய்வோர் இதனைப் புறக்கணித்தல் ஆகாது.

சீனக்குடாவின் தாங்கிகள்

நீராவிக் காலத்தில் திருகோணமலை சரிந்தவண்ணமிருந்தது. 1904, 1905ஆம் ஆண்டுகளில் பிஷர் மேற்கொண்ட சீர்திருத்தங்களின் போது இங்கிருந்த கடற்படைப் பணிமனை சிக்கனம் கருதி ஒடுக்கப்பட்ட தளங்களுள் ஒன்றாயிற்று. அதே பிஷர் ஆதரித்த எண்ணெய் மாற்றமே பின்னர் இத்துறையை மீண்டும் உயர்த்தியது என்பது வரலாற்றின் முரண்.

முதல் உலகப் போரின் பின்னர், 1921இல், சிங்கப்பூரில் பெருங் கடற்படைத் தளம் ஒன்றை அமைக்கப் பிரித்தானியா தீர்மானித்தது. அங்கே செல்லும் எண்ணெய்க் கப்பற்படைக்கு வழியெங்கும் எண்ணெய் வேண்டும். இத்தேவை கருதி 1920களிலும் 1930களிலும் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் கட்டப்பட்டன. ஏறத்தாழ 850 ஏக்கர் பரப்பில், காட்டினூடே இடைவெளி விட்டு அமைக்கப்பட்ட இத்தொகுதியில் இன்று எஞ்சியுள்ளவை 99 தாங்கிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. வணிகத் துறைமுகமாகத் தோற்ற இடம், ஆழம் காரணமாகவும் ஒதுக்கிடம் காரணமாகவும் போர்த்தளமாக மீண்டும் வேண்டப்பட்டது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் இத்தளத்தின் இன்றியமையாமை மேலும் உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரில் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. விமானமொன்று எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மீது மோத, அது நாட்கணக்கில் எரிந்தது. முதல்நாள் இரவு துறையை விட்டு அகன்றிருந்த ஹேர்மஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. எல்லா எரிபொருளையும் ஓரிடத்தில் குவிக்கும் ஏற்பாடு எத்துணை வலியதோ அத்துணை ஊறுபடத்தக்கதும் ஆகும்.

கைவிடப்பட்ட தளங்கள்

1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. அரசியல் நோக்கில் அது பெருமைக்குரிய நாள். ஆயின் சீனக்குடாவின் தாங்கிகள் ஒரு பேரரசின் கப்பற்படையை மனத்திற்கொண்டு கட்டப்பட்டவை. ஒரு சிறு தீவின் தேவைக்கு அவை மிகப் பெரியவை. பயன்படுத்துவோன் அகன்றதும் தாங்கிகளுட் பெரும்பாலானவை வெறுமையாயின. மேற்பகுதித் தொகுதியைக் காடு மூடியது. 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்கள் இவற்றைக் கூட்டாகச் சீரமைப்பது பற்றிப் பேசின. 2003இல் லங்கா இந்தியன் ஒயில் நிறுவனம் இங்கு காலூன்றியது. 2022 சனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கும், 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், ஏனைய 61 தாங்கிகள் இரண்டும் இணைந்த கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பகுக்கப்பட்டன. ஒரு தளத்தைக் கைவிடுதல் ஒரு நாளிற் கூடும். அதற்கு வேறு பயன் காணுதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளும் போதவில்லை.

இதனை ஒத்த நிகழ்ச்சி திறன்பேசி உலகிலும் நிகழ்ந்துள்ளது. 2007இல் ஐபோனும் 2008இல் முதல் அன்ட்ரொயிட் தொலைபேசியும் வெளிவந்தபோது, கையடக்கத் தொலைபேசி விற்பனையில் உலகின் முதலிடம் நோக்கியாவுக்கு உரியதாயிருந்தது. அதன் சிம்பியன் இயங்குதளத்தை நம்பிப் பலர் மென்பொருள் ஆக்கினர். 2011 பெப்ரவரியில் நோக்கியாவின் தலைமை அதிகாரி, தம் நிறுவனத்தை வடகடலில் எரியும் எண்ணெய் மேடைமீது நிற்கும் மனிதனுக்கு ஒப்பிட்டுப் பணியாளர்க்கு எழுதினார். அடுத்து அந்நிறுவனம் சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசொவ்ற்றின் இயங்குதளத்துக்குத் தாவியது. தாவிய இடமும் நிலைக்கவில்லை. 2014இல் நோக்கியாவின் தொலைபேசித் தொழில் மைக்ரோசொவ்ற்றின் கைக்கு மாறியது. 2020 சனவரியில் அவ்வியங்குதளத்துக்கான ஆதரவும் முடிவுக்கு வந்தது. சேர்ச்சில் எரிபொருளின் ஊற்றைக் கைக்கொண்டு மாறினார். நோக்கியாவோ ஊற்றுப் பிறர் கையில் இருக்கவே மாறியது. இரு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு துணிவில் இல்லை, ஆயத்தத்தில் உள்ளது.

சம்பூர் எழுப்பும் வினா

எரிபொருள் மாற்றம் பற்றிய வினா திருகோணமலையை விட்டு இன்னும் நீங்கவில்லை. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்தனர். அவர்கள் வெளியேறியிருந்த காலத்தில், இந்திய உதவியுடன் அமையவிருந்த அனல்மின் நிலையத்துக்கென அந்நிலப்பரப்பு ஒதுக்கப்பட்டது. நீண்ட போராட்டத்தின் பின்னர் 2015ஆம் ஆண்டு முதல் மக்கள் கட்டங்கட்டமாக மீளக்குடியேறினர். 2016 செப்ரெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 2025 ஏப்ரிலில் அதே சம்பூரில் 120 மெகாவற் சூரியமின் திட்டம் ஒன்று தொடக்கிவைக்கப்பட்டது.

கரியினும் கதிரவன் மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் எவ்வெரிபொருள் எனத் தீர்மானித்தோர் யார், நிலம் கொடுத்தோர் யார், மின்சாரம் பெறுவோர் யார் என்னும் வினாக்கள் எரிபொருள் மாறியதனால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. 1904இலும் 1921இலும் 1957இலும் இத்துறைமுகத்தின் தலைவிதியை நிர்ணயித்த முடிவுகள் இத்துறையின் மக்களைக் கேட்டு எடுக்கப்பட்டவை அல்ல. தளம் பிறருடையதாயின் மாறும் நாளும் பிறருடையதே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, தெரிவுசெய்ய வேண்டியது கருவியை மட்டுமன்று. அதைச் சூழ்ந்த ஏற்பாட்டையும் ஆகும். குடும்பத்தினரும் நண்பரும் எத்தளத்தில் உள்ளனர், பணம் கொடுத்துப் பெற்ற மென்பொருள்கள் எவை, ஊரிற் பழுதுபார்ப்போர் உளரா என்பன ஒளிப்படத் தெளிவைவிட முக்கியமானவை. கொழும்பு வென்றமைக்கும் அன்னபூரணி மிதந்தமைக்கும் காரணம் இதுவே.

இரண்டாவது, மாறுவதற்கு முன் ஊற்றைக் காக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு வரை வட்ஸ்அப் உரையாடல்களை ஐபோனிலிருந்து அன்ட்ரொயிட்டுக்கு முறையாகக் கொண்டுசெல்ல வழி இருக்கவில்லை; மறுதிசையில் அவ்வழி 2022இலேயே திறந்தது. பல்லாண்டுச் செய்திகளும் படங்களும் கொண்டுசெல்லத்தக்க வடிவில் உள்ளனவா என்பதை அறிந்த பின்னரே விற்பதும் வாங்குவதும் அறிவுடைமையாகும்.

மூன்றாவது, தமிழ் மாணவராகிய நமக்குச் சிறப்பாக உரியது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகளும் பாடக் குறிப்புகளும் ஏராளம். அவ்வெழுத்துரு இல்லாத திறன்பேசியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றுகின்றன. ஒருங்குறியில் எழுதப்பட்டவையோ இரு தளங்களிலும் ஒன்றுபோல் வாசிக்கத்தக்கவை. முன்னவை பேரரசு ஒன்றுக்கெனக் கட்டப்பட்ட தாங்கிகளைப் போன்றன. பின்னவை எத்துறையிலும் இறக்கத்தக்க சரக்கைப் போன்றன. நம் சங்கத்தின் பழைய மலர்களையும் துறைகளிற் சேர்ந்துள்ள ஆய்வேடுகளையும் ஒருங்குறிக்கு மாற்றும் பணியை மாணவரே மேற்கொள்ளலாம். அன்ட்ரொயிட்டா ஐபோனா என்னும் வினாவுக்கு ஒவ்வொருவரும் தத்தம் சூழலுக்கேற்ப விடை காணட்டும். எத்தளத்தில் நின்றாலும் அதை விட்டு நீங்கும் வழி நம் கையில் இருத்தல் வேண்டும். இரு நூற்றாண்டுகளாகப் பிறர் முடிவுகளுக்காகக் காத்திருந்த ஒரு துறைமுகம் நமக்கு உணர்த்துவது இதுவேயாகும்.